வலி போய்விட்டது என்று சொல்ல வந்தவர்

எலும்பு, மூட்டு, தசை நோய்களுக்கான மேற்பயிற்சியில் இந்த முறை சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. மூட்டை எப்படிச் சோதிப்பது, ஊசியை எந்த இடத்தில் போடுவது என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். எனவே ஒரே ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவரை நான் மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறைதான் உண்மையிலேயே பார்த்தேன்.

ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் பதினோரு வருடம் மருத்துவ அதிகாரியாக இருந்தேன். காலை ஒன்பது மணிக்கு வரிசை தொடங்கும். அதில் பாதிப் பேர் முதுகு, இடுப்பு, முழங்கால் என்று வருபவர்கள். சாமை அறுப்பு, புளி உலுக்கல், விறகுச் சுமை என்று உடம்பு உழைப்பை நம்பிப் பிழைப்பவர்கள். வலி என்பார்கள், ஊசி என்பேன், நகர்வார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

மேற்பயிற்சிக்கு எழுதிப் போட்டபோது எனக்கு ஐம்பத்தைந்து வயது. மாதத்தில் இரண்டு நாள் கீழே இறங்கி மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். வகுப்பிலேயே வயதில் மூத்தவள் நான்தான். பயிற்சி தந்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட், என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். முதல் நாள் அவர் பாடம் எதுவும் எடுக்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"போன வாரம் முதுகு வலின்னு வந்தவங்கள்ல எத்தனை பேரோட முதுகை நீங்க பார்த்தீங்க? சட்டையைக் கழட்டச் சொல்லி?"

இருபத்து மூன்று டாக்டர்கள் இருந்தோம். ஒரு கையும் உயரவில்லை.

எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நூற்றிருபது பேர் வரிசையில் நிற்கும்போது சட்டையைக் கழட்டச் சொல்ல நேரம் ஏது? ஆனாலும் ஒழுங்காகப் போனேன், ஒழுங்காகப் படித்தேன். மூன்றாம் மாதம் தேர்வு வைத்தார். முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் குதிரையின் வால் மாதிரிக் கற்றையாக இறங்குகின்றனவே, அது நசுங்கினால் வரும் எச்சரிக்கை அறிகுறிகளை எழுதச் சொன்னார். இரண்டு கால்களிலும் வலி, உட்காரும் இடத்தில் மரத்துப்போதல், சிறுநீர் தேங்குதல், மலம் தெரியாமல் போதல், கால் பலமிழத்தல். ஐந்தையும் எழுதினேன். முழு மதிப்பெண். தாளைத் திருப்பித் தரும்போது அவர் வகுப்பு முழுவதற்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்.

"இந்தக் கேள்விங்க எல்லாம் வேற ஊர்ல, வேற பாஷையில எழுதினது. உங்க நோயாளிகிட்ட உங்க ஊர்ப் பேச்சுல எப்படிக் கேப்பீங்கன்னு எழுதிட்டு வாங்க."

யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. முழு மதிப்பெண் வாங்கியவளுக்கு அது எதற்கு?

அந்த மாதம்தான் வேடியப்பன் முதல் முறை வந்தார். நாற்பது வயதிருக்கும். புளி மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது இடுப்பில் 'களுக்' என்றதாம். ஊசி போட்டேன், மாத்திரை கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். "ரெண்டு காலும் இழுக்குதுங்க" என்றார். இன்னும் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தேன்.

மூன்றாம் முறை அவர் வந்தது ஒன்றரை மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை. பதினொன்றரை மணி இருக்கும். கூட்டம் கரைந்துகொண்டிருந்தது. ஒரு துணிமூட்டையை என் மேசைமேல் வைத்தார்.

"சாமையரிசிங்க. வூட்டுல குத்துனது. வலி போச்சும்மா. உங்க மாத்திர நல்லா கேட்டுச்சு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். குணமானவர்கள் எங்களிடம் திரும்பி வருவதில்லை. "உட்காருங்க வேடியப்பன்" என்றேன். உட்கார்ந்தார். பிறகு பெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

"உக்காந்தாகூட நோவலீங்க. இந்தப் பலக மெத்த மாரி கீது."

அதற்கும் நான் சிரித்தேன். அவரை அனுப்பிவைக்க எழுந்தும் விட்டேன். அப்போது அவர் மனைவி பச்சையம்மா உள்ளே வந்தாள். கையில் ஒற்றைச் செருப்பு.

"இந்தா. வழியிலயே வுட்டுட்டு வந்துக்கீற. மூணு நாளா இதே வேலம்மா இவுருக்கு. செருப்பு கழண்டு போறதே தெரில. நான் பின்னாலயே பொறுக்கினு வர்றேன்."

அவர் காலைப் பார்த்தேன். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுமனே. வெளியே கூர்கூரான ஜல்லி கொட்டிக் கிடந்தது. அதன்மேல் நடந்து வந்திருக்கிறார்.

நான் திரும்ப உட்கார்ந்தேன். உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நிமிடம் எனக்குப் பயம் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. பலகை எப்படி மெத்தையாகும்? செருப்பு கழன்றது ஒரு மனிதனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? அத்தனை நாள் காலை இழுத்த வலி மூன்று நாளில் எங்கே போயிற்று? என் மாத்திரை அவ்வளவு கெட்டிக்கார மாத்திரை இல்லை.

"ஒண்ணுக்குப் போறது எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா போதுங்க."

"வெளிக்கு?"

"அதுவும் நல்லாத்தான் போது."

புத்தகத்தில் இருந்த அடுத்த கேள்வி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கேட்டேன். "துடைக்கும்போது உணர்ச்சி தெரியுதா?"

வேடியப்பன் என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "எத்தத் தொடைக்கணும்?" என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. காகிதத்தால் துடைக்கிற ஊரில் எழுதிய கேள்வி அது. அதை அப்படியே தமிழில் எழுதித்தான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளிக்குப் போய்க் கழுவுவதை எங்கள் ஊரில் சொல்வதுபோல் மாற்றிக் கேட்டேன்.

"ஓடையில கால் கழுவுறீங்கல்ல, தண்ணி படுறப்ப சில்லுனு தெரியுதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பச்சையம்மாதான் பேசினாள். முதலில் சிரித்துக்கொண்டே தொடங்கினாள்.

"அத்த ஏம்மா கேக்குற. ஓடைக்குப் போனா திரும்பியே வர்றதில்ல. புதர்கிட்ட நின்னா நின்னதுதான். ஒண்ணுக்கு வரணும்னு வயித்தப் புடிச்சி அமுக்கினு நிக்கிறாரு. கழுவுனா கழுவுனமா இல்லியான்னு தெரிலயாம், ரெண்டு வாட்டி கழுவுறாரு..."

சொல்லச் சொல்ல அவள் சிரிப்பு தானாக நின்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டாள் போல.

"இன்னாம்மா ஆச்சு?" என்றாள்.

கட்டுப்போடும் அறைக்கு அழைத்துப்போய்த் திரையை இழுத்து விட்டு, முதல் முறையாக அவர் உடம்பைப் பார்த்தேன். சோதனை பற்றி விரிவாக எழுதவில்லை, உங்களுக்கே தெரியும். உட்காரும் இடத்தைச் சுற்றி ஊசி முனை படுவது அவருக்குத் தெரியவில்லை. குதிகாலுக்கு மேலே தட்டினால் பாதம் அசையவில்லை. அடிவயிறு தொப்புள் வரைக்கும் இளநீர்க்காய் மாதிரி வீங்கி இருந்தது. நர்ஸ் செல்வி குழாய் போட்டாள். சிறுநீர் வந்துகொண்டே இருந்தது. ஒரு லிட்டரைத் தாண்டியும் நிற்கவில்லை. வேடியப்பன் தலையைத் தூக்கி அந்தப் பையைப் பார்த்தார்.

"இத்தினியும் எனக்குள்ளயா இருந்திச்சி?"

நல்லா போகுது என்று அவர் பொய் சொல்லவில்லை. நிரம்பி வழிந்ததுதான் போய்க்கொண்டிருந்தது.

குதிரைவால் நரம்புகள் நசுங்கிக்கொண்டிருக்கின்றன. வலியைச் சொல்லும் நரம்பே செத்துக்கொண்டிருப்பதால்தான் வலி போயிருக்கிறது. இன்றைக்குள் அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யாவிட்டால் இவர் ஆயுள் முழுவதும் குழாயோடு இருக்கலாம். அதுவரை வராத பயம் அப்போது வந்தது.

எங்கள் நிலையத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைப்பது பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினால்தான். புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன். கீழே ஒரு மருத்துவமனையில் எனக்குத் தெரிந்த எலும்பு நிபுணர் இருந்தார். அவரை அழைத்தேன்.

"சார், ஒரு நோயாளி, ரெண்டு மாசமா முதுகு வலி, இப்ப வலி குறைஞ்சிருக்கு, ஆனா..."

"வலி குறைஞ்சிருக்குல்ல? நான் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கேன் மேடம். எக்ஸ்ரே எடுத்துத் திங்கட்கிழமை அனுப்புங்க." வைத்துவிட்டார்.

தொட்டிமேல் நின்றேன். மூத்தவர், நிபுணர், திங்கட்கிழமை என்கிறார். அவர் சொன்னபடி செய்தால் என்மேல் யாரும் பழி சொல்ல முடியாது. மனசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு நிமிடம் யோசித்துவிட்டுப் பயிற்சியாளரை அழைத்தேன். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"மேடம், அந்த டாக்டர்கிட்ட நீங்க பேசின முதல் வாக்கியம் என்ன?"

சொன்னேன்.

"அதைக் கேட்டா நானும் திங்கட்கிழமைன்னுதான் சொல்வேன். உங்களை எது பயமுறுத்துச்சோ அதை முதல்ல சொல்லுங்க. வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு நேரா பேசுங்க. முதுகு வலின்னு ஆரம்பிக்காதீங்க."

வேலூருக்கு அழைத்தேன். எடுத்தது யாரோ ஓர் இளம் டாக்டர். "நாற்பது வயது ஆண். சிறுநீர் ஒரு லிட்டருக்கு மேல் தேங்கி இருந்தது, அவருக்கே தெரியவில்லை. ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இல்லை. மூன்று நாளாக" என்றேன்.

"உடனே அனுப்புங்க மேடம். ஸ்கேனுக்குச் சொல்லி வைக்கிறேன்."

அதே நோயாளி, அதே நோய்தான். நான் சொன்ன முறை மட்டும்தான் வேறு. அந்த எலும்பு நிபுணர்மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. தவறான முனையில் ஆரம்பித்தவள் நான்.

கீழே இறங்கி வந்தால் வேறு சிக்கல். வேடியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"வலி போனதுக்கு யாராச்சும் வேலூர் போவாங்களாம்மா? இன்னும் எட்டு மரம் உலுக்கணும். வுட்டா கொரங்குதான் தின்னும்."

"நிச்சயமா இந்த நோய்தானா?" என்று அவர் கேட்டிருந்தால் ஆமாம் என்று அடித்துச் சொல்ல என்னால் முடிந்திருக்காது. ஸ்கேன் இல்லை. எனவே தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"நான் சொல்றது தப்பா இருந்தா உங்களுக்கு ரெண்டு நாள் வேல கெட்டது, அவ்ளோதான். சரியா இருந்து நீங்க வீட்டுக்குப் போயிட்டா, அந்தக் குழாய் உங்ககூடவே இருக்கும். வெளிக்குப் போறதும் தெரியாது. ராவுல பொண்டாட்டி பக்கத்துல படுத்தாலும் தெரியாது."

கடைசி வாக்கியத்தைப் புத்தகத்தில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். பச்சையம்மா சேலை முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தச் செருப்பை அவர் காலடியில் வைத்தாள்.

"புளி மரத்துலயே கெடக்கட்டும். நீ மொதல்ல கெளம்பு."

ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்தை ஏற்றிக்கொண்டு அப்போதுதான் இறங்கியிருந்தது. திரும்பி வர மூன்று மணி நேரமாவது ஆகும். வாணியம்பாடி புளி வியாபாரி ரஃபீக் பாய் சனிக்கிழமைதோறும் மலைக்கு வருவார். அவருடைய சின்ன லாரி கடைத்தெருவில் பாதி சுமையோடு நின்றது. போய்க் கேட்டேன். ஆலங்காயம் வழியாகத் தன் ஊருக்கு இறங்க வேண்டியவர் அவர், வேலூர் வேறு வழி.

"இன்னா மேடம், இதக் கேக்கணுமா? அமிர்தி வழியா வுட்டா வேலூர் சீக்கிரம். ஆனா ரோடு தூக்கிப் போடுமே, முதுகு தாங்குமா?"

நல்ல கேள்வி. நான் யோசிக்காத கேள்வி. அவரே பதிலும் வைத்திருந்தார். பாதி மூட்டைகளைச் சுகாதார நிலையத்து வராந்தாவில் இறக்கினார். மீதியை வண்டித் தரையில் நெருக்கமாகப் பரப்பி, மேலே எங்கள் மெத்தையைப் போட்டார். மூவருமாக வேடியப்பனை முதுகு வளையாமல் படுக்கவைத்தோம். செல்வி பையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், பச்சையம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"மொள்ளப் போங்க பாய்" என்றேன்.

"மொள்ளவும் போறேன், சீக்கிரமாவும் போறேன் மேடம். நீங்க தைரியமா இருங்க."

மாலை ஐந்தரைக்குத் தொட்டிமேல் நின்று செல்வியின் அழைப்பை எடுத்தேன். ஸ்கேனில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு ஒன்று பெரிதாகப் பிதுங்கி நரம்புக் கற்றையை மொத்தமாக நசுக்கியிருக்கிறது, அறுவைக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள் என்றாள்.

அடுத்த நாள் ஞாயிறு. வெளிநோயாளிப் பதிவேட்டைத் திறந்து பின்னோக்கிப் புரட்டினேன். முதல் வருகை: 'முதுகு வலி. ஊசி.' இரண்டாம் வருகை: 'கால் வலி. மாத்திரை.' என் கையெழுத்துத்தான். அவர் "ரெண்டு காலும்" என்றார். என் பேனாவில் ஒரு கால் காணாமல் போயிருந்தது. ஐந்து அறிகுறிகளில் முதலாவதை அவராகவே என் வாயில் ஊட்டியிருக்கிறார். நான் முழுங்கவில்லை. வராந்தாவில் புளி மூட்டைகள் அடுக்கி இருந்தன. அந்த வாசனையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதப் பயிற்சியில் இதை வகுப்புக்குச் சொல்லும்படி பயிற்சியாளர் கேட்டார். நான் செருப்பிலிருந்து ஆரம்பித்தேன். தொட்டி, லாரி, ஸ்கேன் எல்லாம் சொல்லி முடித்ததும் கைதட்டினார்கள். பயிற்சியாளரும் தட்டினார். உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. மறுபடி எழுந்து, "இதுக்கு முன்னாடி அவர் ரெண்டு தடவை வந்தார்" என்று மிச்சத்தையும் சொன்னேன்.

இந்த முறை யாரும் தட்டவில்லை. ஆனால் மதியம் சாப்பாட்டு வேளையில் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். படவேட்டுப் பக்கம் வேலை செய்யும் ஒரு டாக்டர், கரும்பு வெட்ட வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் தன் சொந்த அப்பாவைப் பற்றிச் சொன்னார். அன்று மாலையே எல்லோரும் அந்தப் பழைய வீட்டுப்பாடத்தை எழுதினோம். ஒருவர் எழுதியதுபோல் இன்னொருவர் எழுதவில்லை.

வேடியப்பன் ஐந்து வாரம் கழித்து மலைக்குத் திரும்பினார். குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். சிறுநீர் தானாகப் போனது. வருகிறது என்பதும் தெரிந்தது. வெளிக்குப் போவதில் கொஞ்ச நாள் சிரமம் இருந்து சரியாயிற்று. இடது பாதத்தின் வெளிப்பக்கம் மட்டும் இன்று வரை மரத்துத்தான் இருக்கிறது. நான் முதல் முறையோ இரண்டாம் முறையோ பார்த்திருந்தால் அந்த உணர்ச்சியும் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

பிறகு ஒரு நாள் தன் தம்பியை அழைத்துக்கொண்டு வந்தார். தம்பி வெளியே வரிசையில் நின்றான். வேடியப்பன் தனியாக உள்ளே வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்மா. கோவிச்சிக்காத. மொத ரெண்டு வாட்டி ஏன் இத்தெல்லாம் கேக்கல?"

கூட்டம், நேரம், ஆள் பற்றாக்குறை என்று என்னிடம் பதில்கள் இருந்தன. எல்லாம் உண்மையும்கூட. ஆனால் அவர் அவற்றைக் கேட்கவில்லை.

"கேட்டிருக்கணும். கேக்கல. என் தப்புதான்" என்றேன்.

அவருக்குக் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கதவுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"டேய், உள்ள வாடா. இவனுக்கும் ஒரு வாரமா முதுகு நோவுதாம். இவன்கிட்ட மொத வாட்டியே எல்லாத்தயும் கேட்டுடும்மா."

சட்டையைக் கழட்டச் சொன்னேன். குனிய வைத்தேன், குதிகாலில் நடக்க வைத்தேன், படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கால்களைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டேன். சாப்பாடு, தூக்கம், காய்ச்சல், எடை, ஓடை, புதர் எல்லாம் கேட்டேன். வரிசை முணுமுணுத்தது. செல்வி இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். முடிவில் அவனிடம் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லப்பா. தசைப் பிடிப்புதான். ஊசி வேணாம். நாலு நாள் சுமை தூக்காம நட, தானா போயிடும்."

தம்பிக்கு ஏமாற்றம். சட்டையைக் கையில் பிடித்தபடி அண்ணனைப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கா இத்தினி கேள்வி?"

"ஆமாண்டா" என்றார் வேடியப்பன். "சட்டையப் போட்டுனு வா."